வாடகைக்கு வீடு பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர்க் கணக்கையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு வீட்டுமனை இணைப்பில், சென்னைக்குக் குடும்பத்தோடு குடிவருகிறவர்களுக்கு ஏற்ற இடங்கள் என்று தென்சென்னையின் சில பகுதிகளைப் பட்டியல் போட்டிருந்தீர்கள். மெட்ரோவுக்கு எத்தனை நிமிடம், ஐ.டி. வளாகத்துக்கு எத்தனை நிமிடம், சதுர அடி என்ன விலை எல்லாம் இருந்தன. மழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று ஒரு வரி இல்லை. கோடையில் குழாயில் என்ன வரும் என்பதும் இல்லை. 2024 ஏப்ரல், மே மாதங்களில் இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தவள் நான். அதனால்தான் எழுதத் தோன்றியது.

நான் பொதுத்துறை வங்கியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பாளையங்கோட்டை. பதவி உயர்வோடு கிண்டிக்கு மாற்றல் வந்தது. கணவர் அச்சகங்களுக்கு வடிவமைப்பு செய்து கொடுப்பவர். கம்ப்யூட்டரும் கரண்டும் இருந்தால் எங்கேயும் உட்கார்ந்துகொள்வார். மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருந்தாள். மகன் சின்னவன். மாமியாருக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பத்துப் படி ஏறினால் நடுவில் இரண்டு தடவை நிற்பார். ஆகவே எங்களுக்கு வேண்டியது தரைத்தள வீடு. தரைத்தளம் என்று வாயைத் திறந்ததும் வேளச்சேரி புரோக்கருக்கு முகம் மலர்ந்துவிட்டது. 'நிறைய இருக்கு மேடம்' என்றார். ஏன் நிறைய இருக்கிறது என்பது அன்று மதியமே தெரிந்துவிட்டது.

முதலில் காட்டிய வீட்டுக்கு வாடகை 17,000. புதுப் பெயின்ட் வாசம் போகவில்லை. மகள்தான் முதலில் கவனித்தாள். ஃபிரிட்ஜ் வைக்கிற மூலையில் பிளக் பாயின்ட் என் தோள் உயரத்தில் இருந்தது. ஹாலிலும் அப்படித்தான். 'இப்ப இதுதான் மாடல் மேடம்' என்றார் புரோக்கர். சமையலறைக் கதவின் கீழ்ப்பாதியில் தகரம் அடித்திருந்தது. வெளியே வந்தால் எதிரே வேப்பமரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி. 'இங்க மழைத்தண்ணி நிக்குமா அண்ணே?' என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, புரோக்கரைப் பார்த்துவிட்டு மடிப்பை அழுத்திக்கொண்டே இருந்தார். புரோக்கர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனதும், தன் வண்டிப் பலகைக்கு ஒரு சாண் மேலே கையை வைத்துக் காட்டினார். 'பதினஞ்சுல இதும்மா. போன டிசம்பர்ல பலகை மட்டும். முந்தின நாளே வண்டியத் தள்ளிக்கினு போய் மேம்பாலத்துல ஏத்திட்டேன்.' ஆறு ரூபாய்க்கு ஒரு சட்டை தேய்க்கிற மனிதர் அரை நிமிடத்தில் சொன்னதை, ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்டவர் கடைசி வரை சொல்லவில்லை.

வெள்ளம் எங்களுக்குப் புதிதில்லை. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையை முக்கிவிட்டுப் போனது. இரண்டே வாரத்தில், 17, 18 தேதிகளில், எங்கள் பக்கம் வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையே தாமிரபரணி சூழ்ந்து நின்றது. கொக்கிரகுளம் என்ற பெயரிலேயே குளம் இருக்கிறது என்று அன்றுதான் எங்கள் ஊரில் பலருக்கும் உறைத்தது. அந்தப் புத்தி சென்னையில் உதவியது. நாங்கள் குளம் என்பதை இங்கே ஏரி என்கிறார்கள், சின்னதாக இருந்தால் தாங்கல். பழவந்தாங்கல் என்று ரயில்வே ஸ்டேஷனுக்கே பெயர் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு, பார்க்கத்தான் ஏரி இல்லை. அந்த ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரைக் கட்டத் தொடங்கினார்கள். பெயரில் நீர் இருந்தால் வீடே பார்க்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் பார்த்தால் சென்னையில் பாதி ஊர் கழிந்துவிடும். ஆனால் இன்னும் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும் என்று அந்தப் பெயர் சொல்கிறது.

மடிப்பாக்கத்தில் பார்த்த வீடு அழகானது. முன்னால் செம்பருத்தி, கிணறு, சிவப்பு ஆக்ஸைடு தரை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர், நல்ல மனிதர், மறைக்கவில்லை. கேட்டைத் திறந்ததும் இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. 'கட்டும்போது நாலு படி ஏறி வந்தோம்மா. ரோடு போட்டுப் போட்டு நாங்க பள்ளத்துக்குப் போயிட்டோம்' என்றார். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுசு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியதாக அவரேதான் சொன்னார், ஏற்கெனவே ஆறு படி போன பிறகு. அன்றிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் நான் முதலில் எண்ணுவது வாசல்படிகளைத்தான். தெருவில் வரிசையாக எல்லா வீட்டுக்கும் மூன்று, நான்கு படி வெளியே தெரிந்தால் நிம்மதி. பழைய வீடுகள் பள்ளத்திலும் புது வீடுகள் மேட்டிலுமாகப் பல்வரிசை மாதிரி ஏறி இறங்கினால் அடுத்த தெரு.

'லிஃப்ட் இருக்கிற அடுக்ககமாகப் பார்த்தால் முழங்கால் பிரச்சினையும் தீரும், வெள்ளமும் எட்டாது' என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. துரைப்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஒரு வீடு பார்த்தோம். காற்று அப்படி வந்தது. பேச்சுவாக்கில் பக்கத்து வீட்டுப் பெண், மிக்ஜாம் சமயத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசலும் தீர்ந்துபோய் லிஃப்ட் நின்றுவிட்டது, தன் அப்பாவுக்கு மருந்து வாங்க ஏழு மாடி இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நடந்ததாகச் சொன்னார். அந்தக் குடியிருப்புக்கு அன்றாடத் தண்ணீரே லாரியில்தான் வருகிறது. மழைக்காலத்தில் படகு, கோடையில் லாரி. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்த நகரம் இது. மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் லாரித் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டதற்கு, 'அது சீசனைப் பொறுத்தது' என்றார் அசோசியேஷன் செயலாளர்.

வேறொரு பகுதியில் எல்லாம் பொருந்தி வந்தது. மேடான தெரு, பக்கத்திலேயே ஸ்டேஷன். வீட்டுக்காரம்மா, 'நீங்க நான்வெஜ் சாப்பிடுவீங்களா?' என்றார். ஞாயிற்றுக்கிழமை மீன் உண்டு என்றேன். 'நீங்க என்ன கம்யூனிட்டி?' என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. 'ஹவுஸ் ஓனரைக் கேட்டுட்டுச் சொல்றேன்' என்றார். ஹவுஸ் ஓனரே அவர்தான், வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. இதையும் உங்கள் இணைப்பு எந்தக் காலத்திலும் எழுதப்போவதில்லை என்பது தெரியும்.

கடைசியில் கிழக்குத் தாம்பரத்தை ஒட்டி, சேலையூரில் கிடைத்தது. தென்மாவட்டத்துக்காரர்கள் ஏன் தாம்பரத்தைச் சுற்றியே குடியிருக்கிறார்கள் என்று முன்பெல்லாம் கேலி செய்திருக்கிறேன். நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் எட்டுகிற தூரம்தான். சாமத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் கிளம்பிவிடலாம் என்ற தைரியம்தான் காரணம், வேறென்ன. எனக்குக் கிண்டிக்கு மின்சார ரயில். செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டியை விட்டுவிட்டு, தாம்பரத்திலேயே கிளம்புகிற வண்டிக்குப் பத்து நிமிடம் நின்றால் உட்கார்ந்து போகலாம். வரைபடத்தில் பார்த்தால் வேளச்சேரி கிண்டிக்கு ரொம்பப் பக்கம். அந்தப் பக்கத்துக்காக முழுக் குடும்பத்தையும் பள்ளத்தில் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை.

வீட்டை முடிவு செய்யும் முன் அந்தத் தெருவுக்கு மூன்று தடவை போனேன். காலை ஆறரைக்குப் போனபோது ஒரு வீட்டு வாசலில் பால் பாக்கெட் எடுக்க வந்த பாட்டி, பாலாற்றுத் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் வரும், போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்று சொன்னார். மளிகைக்கடை அண்ணாச்சி நான் பேச்செடுத்ததுமே, 'பாளையங்கோட்டையா?' என்றார். அவருக்குச் சாத்தான்குளம். 2015இல் தெருவில் கணுக்கால் அளவு, யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை, தெருமுனை டிரான்ஸ்பார்மர்தான் அடிக்கடி வெடிக்கும் என்றார். அடையாற்றோரமாக இருக்கும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நினைத்தே பார்க்காதீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அங்கே வாடகை குறைவு என்று நாங்கள் ஏற்கெனவே அட்வான்ஸ் பேசுகிற அளவுக்குப் போயிருந்தோம்.

அட்வான்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2017இல் கொண்டுவந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதிக்கொண்டால் அதுவே செல்லும் என்று ஒரு வாலும் வைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் பத்து மாதம் கேட்டார்கள், ஆறில் முடிந்தது. மே 10 அன்று பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. அந்த வாரமே, நடந்து போகிற தூரத்தில் பதினொன்றாம் வகுப்பில் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

சாமான் இறக்கிய அன்று மாமியார் வீட்டுக்குள் போகவே இல்லை. முன்வாசலில் சிமென்ட் திண்ணை மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, 'ஏளா, இது போதும்' என்றார். வீடு தேடிய இரண்டு மாதமும் அவர் போனில் கேட்டது ஒரே கேள்விதான்: வாசலில் உட்கார இடம் இருக்கிறதா?

அந்த அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்த படங்களை எல்லாப் பத்திரிகைகளும் போட்டன, உங்களுடையதும்தான். எனக்கு அந்தக் கார்களுக்கு நடுவே இஸ்திரி வண்டி எங்கே என்றுதான் தேடத் தோன்றியது. எங்கள் தெரு தப்பித்துவிட்டது என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத்தான் போகிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்த்த நிலம் அது. நம் வாசலில் நிற்காமல் ஓடுகிற மழை அங்கே யாருடைய பிளக் பாயின்ட்டைத் தொடுகிறதோ.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வீட்டுமனை இணைப்பில் ஒரு பகுதியைப் பற்றி எழுதும்போது, 2015இலும் 2023இலும் எந்தெந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, குழாயில் எந்தத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று விசாரித்துப் போடுங்கள். உங்கள் நிருபர் ஒரு காலைப்பொழுது இஸ்திரி வண்டிக்காரரிடமும் மளிகைக்கடையிலும் நின்றால் போதும். வாடகை விளம்பரத்திலும் அதற்கென்று இரண்டு வரி கட்டாயம் என்று வைத்துவிடுங்கள். மாதிரிக்கு, என் வீட்டுக்கு நானே எழுதி அனுப்புகிறேன்:

'சேலையூர். தரைத்தளம், இரண்டு படுக்கையறை. வாடகை 16,500, சப்-மீட்டர் கரண்ட் யூனிட் 9 ரூபாய். தெருவிலிருந்து 4 படி, எல்லாம் வெளியே தெரியும். 2015: தெருவில் கணுக்கால், வீட்டுக்குள் இல்லை. 2023: தெருவில் முட்டிக்குக் கீழே, ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. பாலாற்றுத் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள், போர் தண்ணீரில் பருப்பு வேகாது. டிரான்ஸ்பார்மர் வெடிக்கும். வாசலில் உட்கார இடம் உண்டு. பின்பக்கம் முருங்கை, ஐப்பசியில் கம்பளிப்பூச்சி.'

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு வங்கி ஊழியர்,
சேலையூர்