செல்வத்துக்கு, ஜீப் உதறலைப் பற்றி

மதுரை
பங்குனி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு ஓசூரிலேயே வேலை அமைந்ததைப் படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தங்கச்சியிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல். இங்கே அனைவரும் சௌக்கியம். அக்காவுக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. காலையில் நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

குமரனின் ஜீப் என்ன ஆனது என்றும், உன் அம்பாசடரின் பின்பக்கத்தைத் தாழ்த்தலாமா என்றும் கேட்டிருந்தாய். ஜீப் கதையை விவரமாகவே எழுதுகிறேன். உன் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

அக்கா மகன் குமரன் நாகமலைப் புதுக்கோட்டை வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகை போட்டு ஒரு பழைய மஹிந்திரா சிஜே 3பி-யைப் பிரித்துக் கட்டினான் இல்லையா, அதுதான். 1932 ஃபோர்டு காரில் அமெரிக்கப் பையன்கள் மட்கார்டைக் கழற்றி, கூரையை வெட்டி ஓட்டிய படங்களைப் பார்த்து இவனுக்கும் ஆசை. பாடியில் கை வைக்காதே என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லியாயிற்று. உள் வேலையை எவ்வளவு சுத்தமாக வேண்டுமானாலும் செய், வெளித்தோற்றம் ஜீப்பாகவே இருக்கட்டும் என்றேன். பையன் கேட்டுக்கொண்டான். வெல்டிங், ஒயரிங், பெயிண்ட் எல்லாம் அவன் கைவேலைதான். பார்த்தால் நீயே தட்டிக்கொடுப்பாய்.

ஆனால் ரோட்டில் இறக்கியதும் மூன்று வியாதி. அறுபதைத் தொட்டால் தரைத் தகடு முழுக்க ஓர் உறுமல், கியர் லீவரைப் பிடித்தால் உள்ளங்கை கூசும். நாற்பது ஐம்பதில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் முன் சக்கரம் இரண்டும் படபடவென்று ஆடி, ஸ்டீரிங் கையை உதறிவிடும். பிரேக் போட்டு இருபதுக்கு வந்தால்தான் அடங்கும். அப்புறம் ஒவ்வொரு முறை வண்டி நகரும்போதும் அடியில் ‘டொக்’.

வந்து பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். கிரவுன் பினியனை (பின் ஆக்சிலுக்குள் ஷாஃப்டோடு சுற்றும் சின்னப் பல்சக்கரமும் அது சுழற்றும் பெரிய பல்சக்கரமும்) மாற்று என்றார் ஒருவர், ஸ்டீரிங் பாக்ஸ் போச்சு என்றார் இன்னொருவர். ஒரு பட்டறையில் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ், அதாவது அதன் முனைகளில் மடங்கும் மூட்டு, எல்லாவற்றையும் மாற்றிக் காசும் வாங்கிக்கொண்டார்கள். உறுமல் அப்படியே இருந்தது. அதன்பிறகுதான் குமரன் என்னிடம் வந்தான். இனி அளந்து பார்க்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றாதே என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தோம்.

நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த பாலம் இருக்கிறதே, ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், விடியற்காலையில் கூட்டமே இருக்காது. அதில் அறுபது வரை ஏற்றி, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஓடவிட்டோம். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியும் உறுமல் போகவில்லை. ஆக எஞ்சினிலோ கிளட்சிலோ குற்றமில்லை; வண்டியின் வேகத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றில்தான். இந்த வண்டியில் முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து பிரித்துவிடும் லாக் ஹப்பில் கிடையாது. அதனால் டூ-வீல் டிரைவில் போனாலும் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினோம். அப்போதும் மாற்றமில்லை. பின் ஷாஃப்ட் பக்கம் வந்து நின்றது விஷயம்.

சக்கர பேலன்ஸாக இருக்கலாமே என்று நீ கேட்பாய். கணக்குப் போட்டுப் பார். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீட்டர் போகும். அறுபதில் சக்கரம் நொடிக்கு ஏழு சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல். அப்படியென்றால் ஷாஃப்ட் நொடிக்கு நாற்பது சுற்று. சக்கரத்தில் கோளாறு என்றால் நொடிக்கு ஏழு ஆட்டம், சீட்டில் உட்கார்ந்தபடி எண்ணிவிடலாம் போல இருக்கும். ஷாஃப்ட் பேலன்ஸ் போயிருந்தால் நாற்பது. கிராஸ் கோணம் தப்பியிருந்தால் சுற்றுக்கு இரண்டு உதறல், அதாவது எண்பது. எண்பதை ஆட்டம் என்று சொல்ல முடியாது, உறுமலாகத்தான் காதில் விழும். குமரன் சொன்ன ‘உள்ளங்கை கூச்சம்’ இந்த எண்பதுதான் என்று எனக்கு அப்போதே பட்டது.

கே.புதூர் ஐடிஐ-யில் வாத்தியார் போர்டில் வரைந்து காட்டியது உனக்கு நினைவிருக்கும். மடங்கிய நிலையில் சுற்றும் கிராஸ் ஒரே சீராகச் சுற்றாது. முன்பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தளரும். மறுமுனையில் உள்ள கிராஸ் அதே அளவு மடங்கியிருந்தால் இந்த ஏற்றஇறக்கத்தை அது சமன் செய்துவிடும். அதற்கு இரண்டு முனை நுகமும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே தளத்தில் நிற்க வேண்டும். முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் ஸ்ப்ளைனில் இருந்த அம்புக்குறிகள் நேருக்கு நேர்தான் நின்றன. மிச்சம் இருந்தது கோணம் மட்டும்.

மட்டமான சிமெண்ட் தரையில் வண்டியை அதன் சக்கரத்திலேயே நிறுத்தினோம். இதை அடிக்கோடு போட்டுப் படி: ஜாக்கியில் தூக்கி அளந்தால் ஆக்சில் தொங்கும், வரும் கோணம் எதற்கும் உதவாது. குமரனின் தங்கையிடம் பாகைமானி வாங்கி, நடுவில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டோம். தூக்குக்குண்டு தயார். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஷாஃப்ட் பின்னால் மூன்று டிகிரி சரிந்திருந்தது. அதற்கு இணையாக இருக்க வேண்டுமென்றால் பினியன் மூக்கு மூன்று டிகிரி மேலே பார்க்க வேண்டும். ஆறுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. ஷாஃப்டோ ஒன்பது டிகிரி சரிவில் கிடந்தது. முன் கிராஸ் ஆறு டிகிரி மடங்க, பின் கிராஸ் மூன்றுதான் மடங்குகிறது. எங்கே சமன் ஆவது?

அந்தக் கூடுதல் மூன்று டிகிரி எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் ஷாக்கிள், அதாவது ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு, கண்ணில் பட்டது. முன்பு வைத்திருந்தவர் வண்டி உயரமாகத் தெரியட்டும் என்று நாலு பக்கமும் இரண்டு அங்குலம் நீளமான ஷாக்கிள் போட்டு வைத்திருக்கிறார். பெயிண்டுக்கு அடியில் அது கம்பெனி சாமான் மாதிரியே உட்கார்ந்திருந்தது. ஷாக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஏறுவது ஒரே அங்குலம். ஆனால் பட்டை முழுவதும் ஒரு முனை தாழ்ந்து சாய்ந்துவிடுகிறது. பின் பட்டை கண்ணுக்குக் கண் (முனைத் துளைக்குத் துளை) மூன்றரை அடி. ஷாக்கிள் பின்முனையில் இருப்பதால் அந்த முனை இறங்கி, ஆக்சில் உருண்டு, பினியன் மூக்கு மேலே பார்க்கிறது. இரண்டு அங்குலத்தை மூன்றரை அடியில் சாய்த்துப் பார், கிட்டத்தட்ட அதே மூன்று டிகிரிதான் வரும்.

இனி முன்பக்கத்தைக் கேள், உடம்பு சிலிர்க்கும். ஜீப்பில் முன் ஷாக்கிள் பட்டையின் முன்முனையில். அது நீண்டால் ஆக்சில் முன்னால் கவிழும், முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் தலையும் கூடவே முன்னால் வந்துவிடும். இந்த வண்டிக்குக் கம்பெனி வைத்த காஸ்டர், அதாவது கிங் பின் தலை பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், மூன்று டிகிரி. முன் பட்டை மூன்றடிதான், அதனால் சாய்வு மூன்று டிகிரியைத் தாண்டுகிறது. மொத்த காஸ்டரும் காலி. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தானே கையை விட்டாலும் ஹேண்டில் நேராக வருகிறது, அந்தச் சாய்வைப் பிடுங்கிவிட்டு ஓட்டச் சொன்னால் எப்படி? பள்ளத்தில் தட்டிய சக்கரத்தை நேருக்குக் கொண்டுவர எதுவுமில்லை, ஆடிக்கொண்டே இருக்கிறது. கிங் பின் பேரிங்கும் கொஞ்சம் லூஸாக இருந்தது. ஷிம் தகட்டைக் குறைத்து இறுக்கினோம். ஆனால் மூலக் காரணம் ஷாக்கிள்தான். எஞ்சினிலிருந்து சக்கரம் வரை ஒரு கூட்டம், பட்டை ஷாக்கிள் இன்னொரு கூட்டம் என்று மெக்கானிக்குகள் பிரித்தே பார்க்கிறார்கள். ஒன்றில் கை வைத்தால் இன்னொன்று கட்டாயம் நகரும் என்பதை அந்தப் பையனுக்கு இந்த வண்டியிலேயே காட்ட முடிந்ததில் எனக்குப் பெரிய திருப்தி.

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்தும் கோணத்தைத் திருப்பலாம். இந்த ஜீப்பில் ஆக்சில் பட்டைக்கு மேலே உட்காருவதால் முன்பக்கம் ஆப்பின் தடித்த முனை முன்னால் வர வேண்டும், பின்பக்கம் பின்னால். இரும்பு ஆப்புதான் போட வேண்டும், அலுமினியம் நசுங்கும். நான் வேண்டாமென்றேன். பழைய அளவு ஷாக்கிளையே லேத்தில் செய்து வாங்கி மாட்டினோம். ஓர் அங்குலம் இறங்கிவிட்டதே என்று குமரனுக்கு முகம் வாடிப்போனது. ஓட்டிப் பார்த்த பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

‘டொக்’ சத்தம் தனி. ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற ஸ்ப்ளைன் கிரீஸே பார்க்காமல் துருவேறிக் கிடந்தது, பின் பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் நட்டுகளும் தளர்ந்திருந்தன. துடைத்து, கிரீஸ் அடித்து, இறுக்கியதும் போய்விட்டது. யூ போல்ட்டை ஒரு முறை இறுக்கியதோடு விடக் கூடாது, கொஞ்ச தூரம் ஓடி பட்டை படிந்த பிறகு மறுபடி ஸ்பானர் போட வேண்டும்.

இப்போது அறுபதில் டாஷ்போர்டில் வைத்த காசு நகர்வதில்லை. அழகர்கோவில் ரோட்டில் வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்கிப் பார்த்தோம், ஸ்டீரிங் ஒரு குலுக்கலோடு நேரானது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் பின்னால் ஒரு மெல்லிய ஊளை கேட்கிறது. பினியன் பேரிங்காக இருக்கும் என்று சந்தேகம். சித்திரைத் திருவிழா கழிந்ததும் திறந்து பார்ப்போம்.

சரி, உன் அம்பாசடருக்கு வருவோம். ஜீப் மாதிரி அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. அதனால் பட்டை மாட்டியிருக்கும் இடங்களில் துரு இருக்கிறதா என்று முதலில் குத்திப் பார்த்துவிடு. தாழ்த்துவதற்கு முன்பே பினியன் கோணத்தை அளந்து நோட்டில் எழுதி வை. தாழ்த்திய பிறகும் அதே எண் வர வேண்டும். பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால்தான் அடியில் இடிக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் பாரத்தோடு வண்டியை நிறுத்தி, சைலன்சர் குழாய்க்கும் ஆக்சிலுக்கும் எவ்வளவு இடைவெளி, பட்டை எவ்வளவு படுத்திருக்கிறது என்று பார். இப்போதே இடிக்கிற வண்டியை இன்னும் தாழ்த்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் பட்டையை மாற்று.

கோணம், பட்டை கண்ணுக்குக் கண் நீளம், பாரம் இல்லாமலும் பாரத்தோடும் பின் மட்கார்டின் உயரம், எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்துக்குக் குடும்பத்தோடு வந்தால் இன்னும் நல்லது. குமரனே ஜீப்பில் மாட்டுத்தாவணிக்கு வந்து உங்களை அழைத்துக்கொள்வான். வரும் தேதியை மட்டும் முன்கூட்டியே சொல், திருவிழா நேரத்தில் ரோடு அடைத்துவிடுவார்கள்.

அன்புடன்,
பாண்டி