ப்ரூஃபா, மின்ட் ஸ்டேட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரிய நாணயங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 'மின்ட் ஸ்டேட்'டுக்கு மேலே உள்ள படி 'ப்ரூஃப்' என்கிறது. இந்த நினைப்பில்தான் பலர் கூடுதல் காசு கொடுத்து ஏமாறுகிறார்கள்.

ப்ரூஃப் என்பது அச்சடிக்கும் முறையின் பெயர். அச்சையும் காசாகப் போகும் உலோக வில்லையையும் மெருகேற்றி, கூடுதல் அழுத்தத்தில், பெரும்பாலும் இரண்டு முறையாவது அடிப்பார்கள். புழக்கத்துக்கென்று அடித்து, தேய்மானமே காணாத காசு மின்ட் ஸ்டேட். நாணயங்களைத் தரம் பிரிக்கும் அமெரிக்காவின் என்ஜிசி, பிசிஜிஎஸ் நிறுவனங்கள் எந்த வகை என்று முடிவு செய்த பிறகே 70 வரையிலான தர எண்ணைப் போடுகின்றன. மின்ட் ஸ்டேட் 60-க்குக் கீழே இறங்காது. ப்ரூஃப் காசு சட்டைப்பையில் கிடந்து தேய்ந்தால் 45 கூட வாங்கும். அப்போதும் அது ப்ரூஃப்தான்.

நம் குடியரசு நாணயங்களில் பெரும்பாலும் நாணயச்சாலைக் குறியே காட்டிக்கொடுத்துவிடும். 1969 காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் வெள்ளிக்காசில் (15 கிராம், 80 சதவீத வெள்ளி) ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சிறு வைரக் குறி இருந்தால் மும்பையின் சாதாரணக் காசு, 'B' எழுத்து இருந்தால் ப்ரூஃப், ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா.

வம்பெல்லாம் பிரிட்டிஷ் இந்தியக் காசில்தான். பழைய அச்சுகளை வைத்து, கொல்கத்தா, மும்பை நாணயச்சாலைகளே பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காக ப்ரூஃப்களை மறுபடி அடித்தன. தரம் பிரித்த நிறுவனத்தின் லேபிளில் 'ரீஸ்ட்ரைக்' (மறு அச்சு) என்று இருக்கிறதா என்பதைப் படிக்காமல் விலை பேசக்கூடாது. துருவேறிய அச்சில் அடித்திருந்தால், உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்பில் பொடிப் பொடியாகப் புடைப்புகள் தெரியும்.

புத்தம்புது அச்சில் முதலில் விழும் புழக்கக் காசுகளும் கண்ணாடியாக மின்னும். அவை மின்ட் ஸ்டேட்டாகவே இருக்கும். இரு பக்கமும் மின்னினால் எண்ணுடன் 'ப்ரூஃப்லைக்' (ப்ரூஃப் போன்றது) என்று சேர்ப்பார்கள். மோர்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளிக்காசில் அச்செழுத்து 5 முதல் 10 செ.மீ. தூரத்தில் தெளிவாகப் பிரதிபலிக்க வேண்டும் என்பது பிசிஜிஎஸ் கணக்கு. ஆகவே மினுமினுப்பை மட்டும் நம்பாமல் விளிம்பைப் பார்க்க வேண்டும். ப்ரூஃபில் அது செங்குத்தாக, கூர்மையாக நிற்கும். எழுத்தின் ஓரமும் அப்படியே. எழுத்துகளுக்கு நடுவிலுள்ள குறுகிய இடம் வரை பளபளப்பு போயிருக்கும். மின்ட் ஸ்டேட் காசை விளக்கடியில் சாய்த்துச் சுழற்றினால் ஒளிக்கீற்று சக்கர ஆரம்போல் சுற்றி வரும்.

கடையில் பாலிஷ் போட்ட காசில் கன்னம், கூந்தல் என்று மேடான இடமெல்லாம் சேர்ந்து மின்னும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். பத்து மடங்கு லென்ஸில் கோடுகளையும் பாருங்கள். அச்சை மெருகேற்றியதால் வந்த கோடு காசின்மேல் புடைத்து நிற்கும். அதனால் பெரிய பாதகமில்லை. துணியால் துடைத்த கோடு பள்ளமாக இருக்கும். ப்ரூஃபின் கண்ணாடிப் பரப்பில் அது சட்டென்று தெரியும், 65 வாங்க வேண்டியது 61-க்கு வந்துவிடும். அழுத்தித் துடைத்திருந்தால் எண்ணே தராமல் 'டீடெயில்ஸ்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். கிரேடிங் கட்டணம் மட்டும் திரும்பி வராது.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர், திருச்சி