குழாயின் இரு முனையிலும் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். 2017 ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. இத்தகைய குழாய்களில் கசிவைக் கண்டறிய ‘சென்சார் வைத்தால் போதும்’ என்பது பாதி உண்மைதான்.

குழாய் உடைந்ததும் அழுத்தச் சரிவு ஓர் அலையாக இருபுறமும் ஓடும்; அது வந்து சேரும் நேரத்தை இரு முனை அழுத்தமானிகளும் பதியும். கச்சா எண்ணெயில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர். 8 கி.மீ. குழாயில் எண்ணெய்க் கிணற்று முனைக்கு அலை மறுமுனையைவிட 2 நொடி முந்தி வந்தால், உடைப்பு கிணற்றிலிருந்து 3 கி.மீ. தொலைவில். இரு முனைக் கடிகாரங்களுக்கும் இடையே 1 நொடி வித்தியாசம் இருந்தால் இடம் 500 மீட்டர் தள்ளிப்போகும். யாரோ ஒருவரின் வயலை வீணாகத் தோண்டுவோம்! எனவே இரு கடிகாரங்களுக்கும் செயற்கைக்கோள் வழி வரும் ஜிபிஎஸ் நேரம் கட்டாயம். எண்ணெயோடு வாயுவும் கலந்து ஓடினால் அலை மெதுவாகி மங்கிவிடும்.

ஊசித்துளைக் கசிவு கண்டறியும் அளவுக்கு அலை எழுப்பாது. அனுப்பிய அளவையும் வந்து சேர்ந்த அளவையும் மணிக்கணக்கில் ஒப்பிட்டால்தான் தெரியும். மீட்டரின் பிழையைவிடக் கசிவு சிறியதென்றால் அதுவும் உதவாது, குழாயோரம் நடந்து பார்ப்பதுதான் வழி.

இன்னொன்று: அழுத்தமானிக்குப் போகும் சிறுகுழாயில் மெழுகு அடைத்தால் திரையில் எண் அசையாமல் நிற்கும். அழுத்தமானி தன் அளவீட்டை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையான மின்னோட்டமாக அனுப்பும்; அது 3.6-க்குக் கீழே போனால் பழுது அலாரம் அடிக்கும். 12-லேயே உறைந்து நின்றால் அடிக்காது. ஒரு மணி நேரம் துளியும் மாறாத அளவீட்டுக்கும் அலாரம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்துக்கு, இந்தக் கருவிகளை இயக்கும் சோலார் பேட்டரி குறைந்தது 5 நாள் தாங்கட்டும்.

இப்படிக்கு,
கருவியியல் பொறியாளர்கள் சிலர்,
திருவாரூர்