ஹோமர் பிளெஸ்ஸி என்ன நிறம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடுதான் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு இடங்களில் மனம் சங்கடப்பட்டது. ஒன்று, ‘நீக்ரோ’ என்ற சொல். இன்னொன்று, ‘நாமும் கறுப்புதானே, அவர்கள் வலி நமக்குத் தெரியாதா’ என்ற தொனி.

அந்தச் சொல்லை அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் 1960களின் கடைசியிலேயே உதறத் தொடங்கிவிட்டார்கள். அரசின் கணக்கெடுப்புப் படிவத்தில் 2010 வரை ஒட்டிக்கொண்டிருந்தது, அப்புறம் அங்கிருந்தும் போய்விட்டது. நாம் மட்டும் ஏன் இன்னும் அச்சிட வேண்டும்?

நம் வீடுகளில் அண்ணன் சிவப்பு, தங்கை கறுப்பு என்போம். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அந்தத் தங்கை படும் பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது உண்மையான வலி. ஆனால் வேறு வலி. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த ஹோமர் பிளெஸ்ஸி பார்வைக்கு வெள்ளைக்காரர் மாதிரியே இருந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேரில் ஒருவர்தான் கறுப்பினத்தவர். 1892இல் அந்த மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், ரயிலில் இனம் பிரித்து உட்காரவைக்கும் சட்டத்தை எதிர்ப்பதற்காகவே வெள்ளையர் பெட்டியில் ஏறினார். தான் யார் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் கைது செய்தார்கள். வசதி சமமாக இருந்தால் பிரித்து வைக்கலாம் என்று 1896இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லூசியானா ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2022இல்! இதில் தோலின் நிறம் எங்கே வந்தது? இவர் கறுப்பர் என்று சட்டம் முடிவு செய்தது, அவ்வளவுதான்.

பிரேசிலில் கதை வேறு. அங்கே கணக்கெடுப்பில் அவரவர் நிறத்தை அவரவரே சொல்கிறார்கள். 2022இல் தங்களைக் கலப்பு நிறத்தவர் என்று சொன்னவர்கள் 45.3 சதவீதம், கறுப்பு என்றவர்கள் 10.2 சதவீதம். இந்த இரு தரப்பையும் சேர்த்து அங்குள்ள கறுப்பின இயக்கங்கள் ‘நெக்ரோ’ என்கின்றன, அதுவும் பெருமையோடு. அமெரிக்காவில் உதறிய அதே சொல்தான். அவர்கள் மொழியில் அவர்களே சூட்டிக்கொண்ட பெயர் அது. அமெரிக்கர்களைப் பற்றித் தமிழில் எழுதும் நமக்கு அந்த உரிமை இல்லை.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டாலும் போதும். பள்ளிப் பிள்ளைகள் உங்கள் பக்கங்களிலிருந்து குறிப்பெடுத்துக்கொண்டுதான் பேச்சுப்போட்டிக்குப் போகிறார்கள். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்.