சிலிக்கோன் ஸ்ப்ரேயை நிறுத்துங்கள், அப்புறம் எங்கள் கையைக் குறை சொல்லுங்கள்

மதிப்புக்குரிய உற்பத்தி மேலாளர் அவர்களுக்கும், கியூசி (தரச் சோதனை), பர்ச்சேசிங் பிரிவு அன்பர்களுக்கும் வணக்கம்.

ஒட்டிய தோல் உரிகிறது என்று எங்கள் கணக்கில் பணம் கழித்து, போன வாரம் நீங்கள் அனுப்பிய டெபிட் நோட்டைப் பார்த்த பிறகுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். நேரில் வந்து சொல்லியாச்சு, வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பியாச்சு. திரும்பி வருவது ஒரே பதில்தான்: ஒட்டுகிற வேலை சரியில்லை. கம்பெனிப் பெயரை நான் இங்கே போடவில்லை, படிக்கும்போது உங்களுக்கே தெரியும். கேட்பதும் ஒன்றுதான். தோல் ஒட்டப்போகும் போன் கேசிங்குக்கு, பிளாஸ்டிக் சிக்காமல் கழன்று வர மோல்டில் (அச்சில்) சிலிக்கோன் ஸ்ப்ரே அடிப்பதை நிறுத்துங்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 300 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகி வருகிற பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைத் தோலோடு சேர்த்து அச்சில் வார்த்தால் தோல் சுருங்கிப் போய்விடும். அதனால்தான் பிளாஸ்டிக் ஓடு உங்கள் மிஷினில் தனியாக வருகிறது, தோலை வெட்டி, ஓரம் சீவி, பசை போட்டு ஒட்டுவது பினாங்கு, பிறையில் இருக்கிற எங்கள் பட்டறையில். உங்களிடமிருந்து வருவது ஓடு, எங்களிடமிருந்து போவது கேசிங். நடுவில் இருப்பது பசை மட்டும்.

அந்தப் பசை பிடிக்கவில்லை என்றால் யார் தலையில் விழுகிறது என்று ஒரு நாள் வந்து பாருங்கள். கேமரா ஓட்டையைச் சுற்றித் தோலை உள்ளே மடக்குகிற வேலையை எங்களிடம் ஒரு அக்கா செய்கிறார். அந்த இடத்தில் தோலை அரை மில்லிமீட்டருக்கும் கீழே சீவியிருப்போம், கொஞ்சம் அழுத்தி இழுத்தால் கிழியும், இழுக்காமல் விட்டால் மூலையில் சுருக்கம் விழும். கட்டைவிரல் நுனியால் மெதுவாகத் தள்ளித் தள்ளி, மூலை வரும்போது மட்டும் எலும்புக் குச்சியால் அமுக்கி, ஒரு கேசிங்கை முடித்து வைப்பார். நகத்தடம்கூட இருக்காது. ரிஜெக்ட் பெட்டி திரும்பி வந்தால் தான் ஒட்டியதைத் தானே உரிக்க வேண்டியதும் அவர்தான். உரித்த தோல் இழுபட்டுப் போயிருக்கும், மறுபடி எதற்கும் ஆகாது. ரிஜெக்ட் பீஸுக்கு நீங்கள் கூலி தருவதில்லை, தோல் விலையையும் எங்கள் கணக்கில் கழிக்கிறீர்கள். அவர் உழைத்ததற்கு நான் கொடுத்துத்தான் ஆக வேண்டும், கொடுக்கிறேன். ஆனால் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு "என் கைதான் சரியில்லையா தம்பி?" என்று அவர் கேட்டாரே, அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நானில்லை, நீங்கள்.

அவர் கை சரியாகத்தான் இருக்கிறது. உரித்த தோலைத் திருப்பிப் பாருங்கள். பசை முழுவதும் தோலோடு வந்திருக்கிறது, உங்கள் ஓட்டின் மேற்பரப்பை அப்படியே பிரதி எடுத்த மாதிரி வழவழவென்று ஒரு ஏடாக. பிளாஸ்டிக் பக்கம் ஒன்றுமே இல்லை. நன்றாகப் பிடித்த இடத்தில் உரித்தால் தோலின் நார் கிழிந்து ஓட்டிலேயே தங்கும். நார் கிழியாமல் பசை ஏடாக உரிகிறது என்றால் பசைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் வேறு ஏதோ இருக்கிறது. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் ஸ்டிக்கர் ஒட்டுகிற கதைதான் இது.

ஸ்ப்ரே ஏன் அடிக்கிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். பக்கச் சுவரில் போதிய சரிவு இல்லை, மோல்டின் பாலிஷும் தேய்ந்திருக்கிறது, ஓடு சிக்குகிறது, மிஷினை நிறுத்த முடியாது, ஆபரேட்டர் டப்பாவை எடுக்கிறார். அடித்தவுடன் வருகிற ஓடுகளில் சிலிக்கோன் அதிகம், போகப் போகக் குறையும், பிறகு மறுபடி அடி. அதனால்தான் ஒரே பெட்டியில் சில கேசிங் கல் மாதிரி இருக்கிறது, சில கேசிங் வாங்கியவர் கையில் ஓரம் தூக்குகிறது. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், உங்கள் கியூசி எடுக்கிற சாம்பிளும் தப்பிவிடும். நம்ம ஊர் ஈரக்காற்றில் தோல் உப்பும், ஏர்கோன் அறையில் சுருங்கும், வெயிலில் நிற்கிற காருக்குள் பிளாஸ்டிக் விரியும். இரண்டும் ஒரே மாதிரி அசைவதில்லை. நல்ல பிடிப்பு இருந்தால் இதையெல்லாம் பசை தாங்கும், சிலிக்கோன் மேல் உட்கார்ந்த பசை தாங்காது.

"ஆல்கஹால் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்" என்றார் உங்கள் கியூசி தம்பி. ஐயா, ஆல்கஹாலில் சிலிக்கோன் சரியாகக் கரையாது, துடைத்தால் இங்கே இருப்பது அங்கே பரவும். டொலுவீன் என்ற கரைப்பான் கலந்த காட்டமான பசைக்கு மாறலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. டொலுவீன் பட்டால் பாலிகார்பனேட்டில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழும், போனைக் காக்க வேண்டிய ஓடே உடையும். அது போக, மூடிய பட்டறையில் அந்தப் புகையை நாள் முழுக்கச் சுவாசிக்கப்போவது யார்? தண்ணீர் அடிப்படையிலான பசைதான் இதற்குச் சரி, அதற்குச் சுத்தமான ஓடு வேண்டும்.

இந்தத் தொழிலில் எப்போதும் இப்படித்தான். மோல்ட் தேய்ந்தால் கடைசியில் கை வைத்தவன் தப்பு, உருக்கும் முன் பிளாஸ்டிக் மணியைச் சரியாகக் காயவைக்காமல் ஓட்டில் வெள்ளிக்கோடு விழுந்தாலும் "தோல்தான் மூடிவிடுமே" என்று எங்களிடம் தள்ளிவிடுவது. கேசிங் பெட்டியில் மட்டும் 'கைவேலை, உண்மைத் தோல்' என்று தங்க எழுத்து. 2023 செப்டம்பரில் ஆப்பிள் தோல் கேசிங்கை விட்டுவிட்டுத் துணிக்குப் போனது, அந்தத் துணி சீக்கிரம் கீறுகிறது, அழுக்குப் பிடிக்கிறது என்று வாங்கியவர்கள் எவ்வளவு குறைபட்டார்கள்! தோல்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஓரம் தூக்குகிற கேசிங்கைக் கொடுத்தால் அடுத்த தடவை தோல் பக்கமே வரமாட்டார்கள். நஷ்டம் உங்களுக்கும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோபத்தில் சொற்கள் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோரிக்கை மாறவில்லை. சிலிக்கோன் ஸ்ப்ரேயை நிறுத்துங்கள். மோல்டை இறக்கிச் சுத்தம் செய்து பாலிஷ் போடுங்கள். ஏதாவது அடித்தே ஆக வேண்டுமென்றால், பெயிண்ட் பிடிக்கிற மாதிரி சிலிக்கோன் இல்லாத ரகம் கடையில் இருக்கிறது. தோல் ஒட்டப்போகும் ஓடுகளைப் பக்கத்து மிஷின் ஸ்ப்ரே பறந்து வந்து படியாத இடத்தில் வையுங்கள். பெட்டி கிளம்பும் முன், மேற்பரப்பில் பசை பிடிக்குமா என்று சோதிக்கிற மைப்பேனாவான டைன் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், மை கோடாக நின்றால் அனுப்புங்கள், முத்து முத்தாகச் சுருங்கினால் அனுப்பாதீர்கள்.

ஸ்ப்ரே படாத ஓடு ஒரு பெட்டி தாருங்கள். உங்கள் கியூசி ஆளும் எங்கள் பட்டறைக்கு வரட்டும், அதே அக்கா, அதே பசை, அதே தோல், அவர் கண்முன்னே ஒட்டி, காயவிட்டு, சூட்டிலும் ஈரத்திலும் வைத்து, சேர்ந்தே உரித்துப் பார்ப்போம். அதன் முடிவு தெரியும்வரை டெபிட் நோட்டை நிறுத்தி வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்த நாள் வசதி என்று பர்ச்சேசிங் பிரிவு சொன்னால் போதும், பெட்டியை எடுக்க லோரியை நாங்களே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தோல் ஒட்டும் பட்டறைக்காரன், பிறை