2030க்கு இப்போதே லீவு சொல்லி வை, பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிற குறிஞ்சி நம் கொடைக்கானல் மலையில் 2030இல் பூக்கும், லீவு எடுத்து வா என்று பேச்சை எடுத்ததும், "அதுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கும்மா, அப்போ பாத்துக்கலாம்" என்றாய். சரி என்று வைத்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரமில்லை, ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படி.

2024 மே மாதக் கடைசியில் நீ அமெரிக்காவிலிருந்து ஒரு சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் எங்கோ மரம் அறுக்கிற மெஷின் ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். "சில்வண்டும்மா, கண்ணு ரத்தச் சிவப்பு, வாசப்படியெல்லாம் ஊருது" என்று கீழே எழுதியிருந்தாய். அந்தப் பதிவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நீ பார்த்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. அப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன்.

நம் சோலைக்காட்டில் வருஷா வருஷம் கத்துகிற சில்வண்டு மாதிரி இல்லை அவை. ஒரு கூட்டம் 13 வருஷம் மண்ணுக்குள் இருக்கும், இன்னொன்று 17 வருஷம். மர வேரில் சாற்றை உறிஞ்சிக்கொண்டு இருட்டிலேயே வளரும். கணக்கு முடிகிற வருஷம், மண் ஏறக்குறைய 18 டிகிரிக்குச் சூடானதும் கோடிக்கணக்கில் சேர்ந்து வெளியே வரும். நாலு முதல் ஆறு வாரம் கத்தும், இணை சேரும், குச்சியைக் கீறி முட்டையிடும், செத்துப்போகும். இல்லினாய் மாநிலத்தில் உன் ஸ்பிரிங்ஃபீல்டு இருக்கிற இடத்தைப் பார், வடக்கே 17 வருஷக் கூட்டம், தெற்கே 13 வருஷக் கூட்டம். அந்த இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தது 2024இல். அதற்கு முன்னால் 1803. இனிமேல் 2245. பதிமூன்றைப் பதினேழால் பெருக்கினால் 221, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்த 221 வருஷத்தில் ஒரு முறை வருவது, நீ அங்கே வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்ததே!

அதே மே மாதம் பத்தாம் தேதி ராத்திரி வானம் ரோஜா நிறத்தில் இருந்த படத்தையும் அனுப்பினாய். துருவ ஒளி அது, சூரியனிலிருந்து கிளம்புகிற புயலால் வருவது. சூரியனில் புள்ளி பெருகுகிற காலத்தில்தான் அந்தப் புயலும் அதிகம். அதுவும் ஒரு கணக்குதான். சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒரு தடவை பெருகிக் குறையும். அந்த வாரம் இருந்த புள்ளிக்கூட்டம் பூமியைப் போலப் பதினைந்து மடங்கு அகலம். நம் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற வான்ஆராய்ச்சி நிலையத்தில் 1904இலிருந்து சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். சின்ன வயசில் அந்த வெள்ளைக் கூரையைக் காட்டி "அங்க என்ன பண்றாங்க" என்று கேட்பாய். இதைத்தான் பண்ணுகிறார்கள் பாப்பா. நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனின் புள்ளியை எண்ணுகிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2006இல் உனக்குப் பத்து வயசு. மன்னவனூர் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தோம். அப்பா புளியோதரைத் தூக்கைச் சுமந்துகொண்டு முன்னால் போனார். மேடு ஏறித் திரும்பினதும் எதிர்ச்சரிவு முழுக்கக் குறிஞ்சி. நீலம் என்றும் சொல்ல முடியாது, ஊதா என்றும் சொல்ல முடியாது. புதிதாக விரிந்த பூ வெளிர்நீலமாக இருந்தது, பழசு ஊதாவாக மாறியிருந்தது. சரிவு முழுக்கத் தேனீக்களின் ரீங்காரம். நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இத்தனை செடிக்கும் இந்த வருஷம்தான் பூக்கணும்னு யாரும்மா தேதி சொல்றா?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. "முருகன்" என்று சொல்லிவிட்டேன். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்த நாள் என்பதால் நீயும் ஒத்துக்கொண்டாய். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

யாரும் தேதி சொல்ல வேண்டியதில்லை. குறிஞ்சி தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். விதை முற்றிச் சிதறியதும் செடி காய்ந்து செத்துவிடும். அடுத்த மழைக்கு அந்த விதைகள் முளைக்கும். அதனால் ஒரு சரிவில் இருக்கிற செடி எல்லாம் ஒரே வயசு. ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைகள் ஒன்றாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பது போல. ஒவ்வொரு செடியும் தன் வருஷத்தைத் தானே எண்ணுகிறது. சேர்ந்து பூப்பதில் லாபமும் இருக்கிறது. பூச்சியும் பறவையும் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு விதை ஒரே நேரத்தில் கொட்டினால் மிச்சம் பிழைத்துக்கொள்ளும். உன் ஊர் சில்வண்டும் இதே வழியில்தான் தப்பிக்கிறது. 13, 17 இரண்டும் பகா எண்கள் என்பதால், மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு முறை பெருகுகிற எதிரிகளின் கணக்கோடு அது சுலபமாக ஒத்துப்போகாது என்றும் ஒரு விளக்கம் உண்டு.

எப்படி எண்ணுகிறது என்றுதானே அடுத்துக் கேட்பாய்? குறிஞ்சிக்குள் அந்தக் கணக்கு எங்கே எழுதியிருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை. ஆனால் சில்வண்டில் அழகான ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். 2000ஆம் வருஷம் அதன் முடிவு வெளியானது. 17 வருஷ இனத்தின் 15 வயசுக் குஞ்சுகளை எடுத்து, ஒரே வருஷத்தில் இரண்டு முறை பூக்க வைத்த பீச் மரங்களின் வேரில் விட்டார்கள். அவை ஒரு வருஷம் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டன! அப்படியென்றால் அவை நாளை எண்ணவில்லை, வெப்பத்தை எண்ணவில்லை. மரம் எத்தனை முறை துளிர்த்தது என்பதை, வேரில் ஏறுகிற சாற்றின் மாற்றத்தை வைத்து எண்ணியிருக்கின்றன. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேலே மரம் பூப்பதை எண்ணுகிற ஒரு உயிர்!

நம் மலையில் பளியர் பழங்குடியினர் வயசைக் குறிஞ்சி வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். எத்தனை குறிஞ்சி பார்த்தேன் என்றுதான் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் எனக்கு ஐந்து: 1970, 82, 94, 2006, 2018. முதலாவது இடுப்பில் இருந்தபோது, நினைவில் இல்லை. உன் ஆயுளில் இரண்டு வந்தது, ஒன்றைத்தான் பார்த்தாய். 2018இல் உனக்குப் பரீட்சை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை கண்ணு.

எண்ணுகிறவர்கள் பேச்சைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மிசோரம் இருக்கிறது. அங்கே ஒரு மூங்கில் 48 வருஷத்துக்கு ஒரு முறை காடு முழுக்கப் பூத்துச் சாகும். மாவ்தாம் என்கிறார்கள், மூங்கில் சாவு. அந்த விதையைத் தின்று எலி பெருகும், விதை தீர்ந்ததும் நெல்லுக்குப் பாயும். 1958இல் வரப்போகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னாலேயே சொன்னார்கள். அன்றைய அசாம் அரசு அதை மூடநம்பிக்கையாக ஒதுக்கியது. பஞ்சம் வந்தது. பஞ்சத்துக்கு உதவ உருவான அமைப்பே பிறகு மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966இல் ஆயுதம் எடுத்து, 1986இல்தான் சமாதானம் ஆயிற்று. ஒரு மூங்கில் பூத்ததில் இவ்வளவும்.

எனக்கு இப்போது இருக்கிற கவலை வேறு. குறிஞ்சி பூக்காத பதினோரு வருஷமும் பார்ப்பதற்கு வெறும் புதர். பூத்த வருஷம் ஊரே திரண்டு வந்து படம் எடுக்கும். அடுத்த வருஷம் அதே சரிவைத் தரிசு என்று எழுதிவிடலாம். பத்தாவது வயசில் ஒரு ஜேசிபி வந்து வழித்துவிட்டால் அந்தச் செடி ஒரு விதைகூட விடாமல் போய்விடும். அங்கே குறிஞ்சி இருந்தது என்பதற்கு அடையாளமே இருக்காது. நாம் புளியோதரை சாப்பிட்ட சரிவில் 2018இல் பாதிதான் பூத்தது. மீதியை வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம் மூடிவிட்டது, கீழ்ப்பக்கம் யாரோ காட்டேஜ் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனெக்டிகட் பக்கம் ஒரு 17 வருஷக் கூட்டம் இருந்ததாம். கடைசியாகப் பார்த்தது 1954இல். அதற்கப்புறம் வரவே இல்லை. எண்ணிக்கொண்டிருந்தவை எண்ணி முடிக்கும்வரை மண்ணும் மரமும் இருக்க வேண்டுமே.

நான் மாசத்துக்கு ஒரு தடவை அந்தச் சரிவுக்குப் போய்வருகிறேன். முட்டி வலிக்கிறது, ஆனாலும் போகிறேன். வாட்டில் கன்று சின்னதாக இருந்தால் கையாலேயே பிடுங்கிவிடலாம், மழை பெய்த மறுநாள் லேசாக வரும். 2018 விதையில் முளைத்த குறிஞ்சி இப்போது என் முழங்கால் உயரம். இலை சொரசொரப்பாக இருக்கிறது. போன தடவை ஒரு படம் எடுத்தேன், வெறும் பச்சைதான் தெரிகிறது, அதனால் உனக்கு அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். நடுவில் கல் தெரிகிறதா? அதில்தான் நீ உட்கார்ந்திருந்தாய்.

2030 ஆகஸ்டில் பூக்க ஆரம்பித்துவிடும், ஆனால் செப்டம்பர் நடுவில் வந்தால் சரிவு முழுக்கப் பார்க்கலாம். மூன்று வாரமாவது லீவு கேள். கால் முழுக்க மூடுகிற பேண்ட் கொண்டு வா, சோலைப் பக்கம் அட்டை இருக்கும். மன்னவனூருக்குக் காலை முதல் பஸ்ஸில் போய்விடலாம். அந்தத் தூக்கு இன்னும் இருக்கிறது, கைப்பிடி மட்டும் மாற்ற வேண்டும்.

அன்புடன்,
அம்மா