சித்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்து சீனியர் வக்கீல்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சீனியர்களுக்கு,

வணக்கம். நம் பார் ரூமில் ஒரு ஜூனியர் பெண், சர்வதேசக் குற்றவியல் சட்டத்துக்குப் போக ஆசை, என்றைக்காவது நெதர்லாந்தில் இருக்கும் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் நின்று வாதாட வேண்டும் என்றாள். "ஹேக் அப்புறம் இருக்கட்டும்மா, முதலில் அந்த ஹெல்மெட் கேஸை முடித்துவிட்டு வா" என்றார் ஒரு சீனியர். நல்ல நையாண்டிதான், எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பாரிஸ்டர் என்றால் நம் தாத்தா காலத்தில் லண்டனுக்குக் கப்பலேறிய பணக்கார வீட்டுப் பிள்ளை. அந்த நினைப்பு நமக்கு இன்னும் போகவில்லை. ஹேக்கில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தன் வழக்கறிஞர் பட்டியலில் சேர என்ன கேட்கிறது என்று யாராவது பார்த்தோமா? குற்ற வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம், ஆங்கிலமோ பிரெஞ்சோ சரளமாக வரவேண்டும், பெயரில் கறை இருக்கக்கூடாது. முக்கியமாக இவ்வளவுதான். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் இந்தியா சேரவில்லை, அதனால் இந்தியக் குடிமகன் அங்கே நீதிபதியாக முடியாது. வக்கீலாகப் போக அது தடையில்லை. வெளிநாட்டு எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பு இருந்தால் நல்லதுதான், ஆனால் அந்தப் பத்து வருடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தராது. செஷன்ஸ் கோர்ட்தான் தரும்.

நவி பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பம், அப்பா பஸ் டிரைவர். அக்கம்பக்கத்து இந்தியர்கள் காசு திரட்டித்தான் மேல்படிப்புக்கு அனுப்பினார்கள். படித்து வந்தவருக்கு எந்த அலுவலகமும் வேலை தரவில்லை. வெள்ளைக்கார ஊழியர்கள் அவரிடம் உத்தரவு வாங்க மாட்டார்களாம். சரி என்று 1967-இல் தானே அலுவலகம் திறந்தார். நட்டால் மாகாணத்தில் வெள்ளையர் அல்லாத ஒரு பெண் அப்படித் திறந்தது அதுவே முதல்முறை. 1973-இல், நிறவெறி அரசை எதிர்த்தவர்களை அடைத்து வைத்த ராபன் தீவுச் சிறையின் கைதிகள் வக்கீலைப் பார்க்கும் உரிமையை வழக்குப் போட்டு வாங்கித் தந்தார். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்துக்கு நீதிபதியாகப் போனது அதற்குப் பிறகு, 1995-இல். அவர் இருந்த அமர்வு 1998-இல் அகாயெசு என்ற முன்னாள் ருவாண்டா மேயரின் வழக்கில் கொடுத்த தீர்ப்புதான், ஒரு சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலைக் குற்றத்துக்குக் கொடுத்த முதல் தண்டனைத் தீர்ப்பு. பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவி ஆகலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்பு. அப்புறம் 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். இத்தனைக்கும் தொடக்கம், கைதிக்கு வக்கீலைப் பார்க்க உரிமை உண்டா என்ற சின்னக் கேள்விதான்.

அந்தக் கேள்வி நம் கோர்ட் வாசலில் தினமும் நிற்கிறது, நாம்தான் வாய்தா வாங்கிக்கொண்டு போகிறோம். ஒரு செம்மரக் கடத்தல் கேஸ் கட்டைப் பிரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டு ஜவ்வாது மலைக்காரர் ஒருவரின் வாக்குமூலம் நான்கு பக்கத்துக்கு நல்ல இலக்கணத் தெலுங்கில் இருக்கும். அடியில் கோணல்மாணலாகத் தமிழில் கையெழுத்து, இல்லையென்றால் கைநாட்டு. இதை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னது யார்? சாட்சிக் கையெழுத்துப் போட்ட மீடியேட்டருக்கு, அதாவது போலீஸ் கூட்டிவந்த சாட்சிக்கு, தமிழ் தெரியுமா? இந்த இரண்டையும் கேட்டாலே குறுக்கு விசாரணை பாதி முடிந்துவிடும். ரிமாண்டுக்குக் கொண்டுவந்த ராத்திரியிலேயே கேட்டிருக்க வேண்டியது. அன்றைக்கு யாரும் இருப்பதில்லை. பெயில் கிடைத்தாலும் உள்ளூர் ஷூரிட்டி (ஜாமீன்தாரர்) கேட்டால் அந்த மலையின் ஜமுனாமரத்தூர்க்காரர் இங்கே யாரைப் பிடிப்பார்?

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி பக்கத்து சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது ஊருக்கே தெரியும். தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. அவ்வளவாகப் பேசப்படாதது இன்னொன்று. 2013 டிசம்பரில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் பிடிபட்டவர்களில் 280-க்கும் மேற்பட்டவர்களை 2016-இல் திருப்பதி கோர்ட் விடுதலை செய்தது. அவர்களில் பலர் விசாரணைக் கைதிகளாகவே இரண்டு வருடம் உள்ளே இருந்தவர்கள். அந்த அதிகாரிகளின் குடும்பத்துக்கு இதனால் என்ன நியாயம் கிடைத்தது என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

தனக்குப் புரிகிற மொழியில் குற்றச்சாட்டைத் தெரிந்துகொள்வதும், காசில்லாமல் மொழிபெயர்ப்பாளர் பெறுவதும் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. ரோம் சாசனத்தின் 67-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அது நம்மைக் கட்டாது என்பீர்கள். குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது, அதில் இந்தியா 1979-லேயே சேர்ந்துவிட்டது. ருவாண்டா தீர்ப்பாயம் இருந்த தான்சானியாவின் அருஷா நகரில் சாட்சிகள் தங்கள் கின்யருவாண்டா மொழியில் பேச, அது பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதில் வந்த சிக்கல்களை அகாயெசு தீர்ப்பு தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. நமக்கு அந்தச் சுற்று வழிகூட வேண்டாம். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம், சத்தியவேடு நம் ஆந்திரப் பக்கம் என்று எல்லையை மாற்றினார்கள். அதனால் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர். இவர்களை நாம் கட்டு தூக்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஜூனியர்களின் பெயர்களை நம் வக்கீல் சங்கமே ஒரு பட்டியலாக எழுதி, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்திடம் கொடுக்கட்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவரை ரிமாண்டுக்குக் கொண்டுவந்தால் அவர்களில் ஒருவருக்குப் போன் வரவேண்டும். அவர்கள் எடுத்த வழக்கில் குறுக்கு விசாரணையை அவர்களே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அப்புறம் பணம். ஜூனியர்களுக்கு நகரத்தில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ரூபாயாவது கொடுங்கள் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் பரிந்துரைத்தது. அதில் பாதியாவது கொடுக்கிற சீனியர்களை என் விரலிலேயே எண்ணிவிடலாம்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். வாசகத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
உங்களோடு அதே பார் ரூமில் உட்காரும் ஒரு பெண் வக்கீல்
சித்தூர்